தள்ளிப்போன தேதி: திருநின்றவூர்ப் பூசலார் கதையில் காத்திருக்கச் சொல்லப்பட்டது யார்?

ஒரு காரியம் தள்ளிப்போச்சுன்னா நம்ம ஊர்ல உடனே யாராவது ஒருத்தர் சொல்லிடுவார்: "எல்லாம் நல்லதுக்குத்தான். அவன் ஒரு நேரம் வெச்சிருப்பான்." கல்யாணம் தள்ளிப்போனாலும் இதேதான், வேலை போனாலும் இதேதான், வீட்டு வேலை பாதியில நின்னாலும் இதேதான். சொல்றவருக்கு அது எப்பவும் ஆறுதல். கேட்கிறவருக்குச் சில நேரம் ஆறுதல், சில நேரம் எரிச்சல்.

இந்த வாக்கியத்துக்கு உண்மையில் என்ன பொருள் என்று ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருந்தது. சும்மா இருன்னு அர்த்தமா? கேட்டது பிறகு கண்டிப்பா கிடைக்கும்னு அர்த்தமா? இல்ல, பதில் தெரியாதப்ப நாம சொல்லி வைக்கிற ஒரு மரியாதையான வார்த்தையா?

இதைத் தேடிப் போக வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் லோக்கல் பிடித்தால், ஆவடி, பட்டாபிராம் தாண்டி வருகிற ஊர் திருநின்றவூர். ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது இன்னும் 'தின்னனூர்'தான். பெரியபுராணத்தில் ஒரு கும்பாபிஷேகத் தேதி இடித்துக்கொண்டு, ஒன்றைத் தள்ளிவைக்கச் சொல்லிச் சிவபெருமானே கனவில் வந்தது இந்த ஊர்க்காரர் ஒருவருக்காகத்தான். அவர் பூசலார் நாயனார். 63 நாயன்மார்களில் ஒருவர்.

கதை பலருக்கும் தெரியும். ஆனால் நாம் வழக்கமாகச் சொல்கிற சுருக்கத்தில் (பணம் இல்லாதவர், மனசுலயே கோயில் கட்டினார், கடவுள் ஏத்துக்கிட்டார்) சில முக்கியமான விஷயங்கள் உதிர்ந்துபோகின்றன. அவற்றைத் திரும்ப எடுத்து வைப்பதுதான் இந்தக் கட்டுரை.

சேக்கிழார் சொல்லும் கதை

12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான், குன்றத்தூர். பூசலார் கதைக்கு அவர் ஒதுக்கியது இருபதுக்கும் குறைவான பாடல்கள். அதற்குள் இவ்வளவும் இருக்கிறது:

பூசலார் தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த அந்தணர். சிவனுக்கு ஒரு கோயில் கட்ட ஆசைப்பட்டார். பணம் தேடி எங்கெங்கோ அலைந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. இனி என்ன செய்வேன் என்று மனம் நொந்தார். இந்த வருத்தத்தைச் சேக்கிழார் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறார். அதன் பிறகுதான் மனத்தாலேயே கட்டலாம் என்று ஆரம்பிக்கிறார்.

எப்படி ஆரம்பிக்கிறார் என்று பாருங்க. கண்ணை மூடினதும் தங்கக் கோபுரம் வந்து நிற்கவில்லை. முதலில் நிதி திரட்டுகிறார். அதுவும் கற்பனையிலேயே, தினை அளவில் தொடங்கிச் சிறுகச் சிறுகச் சேர்க்கிறார். மனசுக்குள்ள தானே, ஒரே நாளில் கோடி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை. பிறகு பொருள்களும் தச்சர்களும். பிறகு நல்ல நாள் பார்த்து, ஆகமப்படி அடித்தளம். இரவிலும் தூங்காமல் வேலை. உபானம் தொடங்கி ஒவ்வொரு வரிசையாக எழுப்பி, முழக்கணக்கில் சிகரம் வைத்து, தூபி நட்டு, சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் கட்டி, குளமும் தோண்டுகிறார். இதெல்லாம் நெடுநாள் நடக்கிறது. கடைசியில் பிரதிஷ்டைக்கு நாள் குறிக்கிறார்.

அதே நேரத்தில் காஞ்சியில் காடவர் கோமான், அதாவது பல்லவ மன்னன், கல்லால் ஒரு பெரிய கோயில் கட்டி முடித்து, பிரதிஷ்டைக்கு நாள் குறிக்கிறான். இரண்டும் ஒரே நாள்.

முந்தின நாள் இரவு மன்னன் கனவில் சிவபெருமான் வருகிறார். நின்றவூரில் பூசல் நெடுநாள் நினைந்து கட்டிய ஆலயத்துக்குள் நாளை நாம் புகப்போகிறோம், நீ நாளை செய்ய இருப்பதை நாளைக் கழித்துப் பிறகு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

மன்னன் திருநின்றவூருக்கு வருகிறான். பூசல் கட்டிய கோயில் எந்தப் பக்கம் என்று கேட்கிறான். அப்படி ஒரு கோயிலே இந்த ஊரில் இல்லையே என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அந்த ஊர் அந்தணர்களை விசாரித்தால், பூசல் என்று ஒருவர் இருப்பது உண்மை என்று தெரிகிறது. அவரை இங்கே அழைத்து வாருங்கள் என்று மன்னன் சொல்லவில்லை. தானே அவரிடம் போகிறான். எண்திசையும் போற்ற நீங்கள் கட்டிய கோயில் எது, இன்று பிரதிஷ்டை என்று இறைவன் சொல்லி வந்திருக்கிறேன் என்கிறான். பூசலார் மருண்டுபோகிறார். என்னையும் ஒரு பொருட்டாக அவர் நினைத்தாரா என்று நெகிழ்ந்து, பணம் கிடைக்காமல் மனத்தால் கட்டிய கதையைச் சொல்கிறார். மன்னன் நிலத்தில் விழுந்து வணங்கிவிட்டுத் திரும்பிப் போகிறான். பூசலார் தாம் குறித்த நல்ல நேரத்தில் தம் மனக்கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்து, பல நாள் பூசை செய்து வாழ்ந்து, இறைவன் அடி சேர்கிறார்.

அவ்வளவுதான் கதை.

கதைக்கு எவ்வளவு வயசு?

இதை நான் மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். சாஃப்ட்வேர்க்காரனுக்குப் பழைய வெர்ஷனைத் தோண்டாமல் இருக்க முடியாது.

முதல் அடுக்கு சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. இது அடியார்களின் பெயர்ப் பட்டியல். இதில் நின்றவூர்ப் பூசல் என்று ஊரும் பேரும் மட்டும்தான் இருக்கிறது. கோயிலும் இல்லை, மன்னனும் இல்லை, கனவும் இல்லை.

இரண்டாவது அடுக்கு நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி. இங்கே பூசலுக்கு ஒரே ஒரு பாடல், நான்கு அடி. இறைவனுக்கு ஒரு கோயிலை எப்போது கட்டுவோம் என்று தூக்கமில்லாமல் இரவுதோறும் மனத்தில் நினைத்து அருள் பெற்றவர் என்பது அதன் சாரம். இதிலும் மன்னன் வரவில்லை. ஆனால் தூக்கமின்மை வருகிறது. கதையின் மிகப் பழைய விவரம் அந்த ராத்திரி விழிப்புதான் என்பது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. கவலையே படாத ஒரு துறவியாக அவரை யாரும் வரையவில்லை. 'எப்போ, எப்போ' என்று புரண்டு படுத்த ஒரு மனிதராகத்தான் அவர் முதலில் நமக்கு அறிமுகமாகிறார்.

மூன்றாவது அடுக்கு சேக்கிழார். முழுக் கதையும், தேதி மோதலும், கனவும் இங்கேதான் கிடைக்கின்றன.

காஞ்சியில் இருக்கிற இன்னொரு பாதி

சேக்கிழார் மன்னனின் இயற்பெயரைச் சொல்லவில்லை. காடவர் கோமான் என்றும், அவன் கட்டியது கச்சியில் ஒரு கற்றளி என்றும் மட்டும் சொல்கிறார். ஆய்வாளர்கள் பலர் இவனை ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவனாகவும், கோயிலைக் காஞ்சி கைலாசநாதர் கோயிலாகவும் அடையாளம் காண்கிறார்கள். காலம் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சோழர் காலக் கல்வெட்டில் அந்தக் கோயிலுக்குக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்றே பெயர். 'கற்றளி' என்ற சொல் அங்கே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இதைவிடச் சுவாரசியமான ஒரு விஷயம் உண்டு. கைலாசநாதர் கோயில் விமானத்தைச் சுற்றி வெளிப்புறத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. ஜெர்மன் அறிஞர் ஹுல்ட்ஷ் 1890-ல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இதைப் பதிப்பித்தார். அதில் ஒரு சுலோகத்தின் கருத்து இது: துஷ்யந்தன் போன்ற அந்தக் காலத்து மன்னர்கள் அசரீரி கேட்டார்கள் என்றால் அதில் வியப்பில்லை, ஆனால் இந்தக் கலியுகத்தில் ஸ்ரீபரன் அந்தக் குரலைக் கேட்டானே, அதுதான் வியப்பு. ஸ்ரீபரன் என்பது ராஜசிம்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று.

இங்கே கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் "பார்த்தீங்களா, பூசலார் கதைக்குக் கல்வெட்டு ஆதாரம் இருக்கு" என்று துள்ளத் தோன்றும். கல்வெட்டு சொல்வது ஒன்றுதான்: மன்னன் ஒரு குரலைக் கேட்டான். குரல் என்ன சொன்னது என்று அதில் இல்லை. பூசல் இல்லை, நின்றவூர் இல்லை, தேதி மாற்றம் இல்லை. சேக்கிழார் சொல்வது கனவு, கல்வெட்டு சொல்வது அசரீரி. இரண்டுக்கும் நடுவில் சுமார் 400 வருஷம். ஆகவே நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: இந்த மன்னனிடம் வானத்துக் குரல் பேசியது என்ற பேச்சு அவன் காலத்திலேயே கல்லில் ஏறியிருக்கிறது. பின்னால் வந்த பூசலார் கதை அந்த நினைவோடு பொருந்திப்போகிறது.

சரி, அந்த மன்னன் தள்ளிவைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் பார்க்கணும். அவனுக்கு முன்னால் பல்லவர்கள் பெரும்பாலும் மலையைக் குடைந்துதான் கல்லில் கோயில் செய்தார்கள். கல்லை அடுக்கி முழுக் கோயிலாக எழுப்பும் முறையைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனது ராஜசிம்மன் காலம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் அவன் காலத்ததுதான். கைலாசநாதரில் மணற்கல் வேலைப்பாடு, உள்மதிலை ஒட்டிச் சுற்றிலும் 58 சின்னச் சன்னதிகள், அவற்றில் வரிசை வரிசையாக மன்னனின் பட்டப்பெயர்கள். பெயர் பொறித்துக்கொள்வதில் கூச்சமே இல்லாத ஒரு அரசன். அவன் கோயிலின் திறப்பு விழாவைத்தான், முந்தின நாள் ராத்திரி, தள்ளிவைக்கச் சொல்கிறது கதை.

ஒரு பெரிய ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி தேதி மாறினால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வந்தவர்கள், சமையல், வேதியர்கள், சிற்றரசர்கள் என்று அந்தக் காலத்துப் பட்டியல் இன்னும் நீளம்.

கவனிக்க வேண்டிய நாலு விஷயம்

ஒன்று. பூசலாருக்குக் கனவு எதுவும் வரவில்லை. கனவு வந்தது மன்னனுக்கு. தான் கட்டுவது ஏற்கப்படுமா, யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று கடைசி நாள் வரை பூசலாருக்கு எந்தத் தகவலும் இல்லை. மன்னன் வந்து சொன்ன பிறகுதான் தெரிகிறது, அதனால்தான் மருண்டுபோகிறார். எல்லாம் நல்லபடியா முடியும்னு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா அதுக்குப் பேர் நம்பிக்கை இல்லை, தகவல். பூசலாரிடம் இருந்தது நம்பிக்கை.

இரண்டு. அவர் கேட்டது கடைசி வரை கிடைக்கவில்லை. அவர் விரும்பியது கல்லும் சுண்ணாம்புமாக ஒரு கோயில். மன்னன் நேரில் வந்து நின்றபோதுகூட, சேக்கிழார் பாடலில் அவன் பொன் கொடுக்கவில்லை, கோயில் கட்டித் தருகிறேன் என்று சொல்லவும் இல்லை. வணங்கிவிட்டுப் போகிறான். இன்று திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. கருவறையிலேயே பூசலாருக்கும் இடம் உண்டு. இதய நோய் உள்ளவர்கள் அங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கோயில் சேக்கிழார் கதைக்குள் இல்லை. கதையின் பூசலார் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே 'பொறுத்திரு, கேட்டது பிறகு கிடைக்கும்' என்பது இந்தக் கதை தரும் வாக்குறுதி அல்ல.

மூன்று. மன்னனின் காரியம் ரத்தாகவில்லை. நாளைக்கு வேண்டாம், பிறகு வைத்துக்கொள் என்பதுதான் உத்தரவு. உன் கோயில் எனக்கு வேண்டாம் என்று எங்கும் இல்லை. அந்தக் கோயில் 1300 வருஷமாக நிற்கிறது. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோதுகூட அந்தக் கோயிலின் செல்வத்தை எடுக்காமல் திருப்பிக் கொடுத்தான் என்று அங்கேயே கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. பகை மன்னனே கைவைக்காத கோயிலுக்கு, தொடக்கத்தில் தள்ளிப்போன ஒரு நாளால் என்ன குறைந்துவிட்டது? தாமதம் என்பதும் நிராகரிப்பு என்பதும் வேறு வேறு. நமக்கு ஒரு தேதி தவறும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிவதுதான் பாதிப் பிரச்சினை.

நான்கு. இரண்டு பேருமே சும்மா இருக்கவில்லை. பூசலார் பணம் வரும்வரை திண்ணையில் உட்காரவில்லை. மன்னனும் சரி, நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுக்கவில்லை. சுமார் ஐம்பது கிலோமீட்டர் பயணம் செய்து, தன்னைவிட முன்னால் வைக்கப்பட்ட ஆள் யார் என்று பார்க்கப் போகிறான். தேதி தவறியதால்தான் அவனுக்குப் பூசலாரைத் தெரிந்தது.

கவலையும் திட்டமும்

பூசலார் ஏன் அவ்வளவு விவரமாகக் கட்டினார்? உபானம், சிகரம், கிணறு, மதில் என்று ஒன்றையும் விடாமல்?

பக்தியின் ஆழம் என்பது ஒரு பதில். அதோடு சேர்த்து வைத்துப் பார்க்க இன்னொரு விஷயம் இருக்கிறது. முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலை மனசில் அதிகம் தங்குகிறது என்று 1927-ல் புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். 2011-ல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே கொஞ்சம் நீட்டிப் பார்த்தார்கள். நிறைவேறாத காரியம் மனசைக் குடைந்து மற்ற வேலைகளைக் கெடுக்கிறது. ஆனால் அந்தக் காரியத்துக்கு எப்போது, எங்கே, எப்படி என்று ஒரு தெளிவான திட்டம் போட்டுவிட்டால் அந்தக் குடைச்சல் அடங்கிவிடுகிறது. காரியம் முடியக்கூட வேண்டாம், திட்டமே போதும்.

கவலை வட்டமாகச் சுற்றும். 'என்ன ஆகுமோ, என்ன ஆகுமோ' என்று கிளம்பின இடத்துக்கே திரும்ப வரும். திட்டம் வரிசையாகப் போகும். இது முடிந்தால் அது, அது முடிந்தால் இன்னொன்று. 'என் செய்வேன்' என்று நொந்த பூசலார் கோயில் வேலையில் இறங்கிய பிறகும் தூங்கவில்லைதான். ஆனால் சேக்கிழார் இந்த விழிப்பைக் காதலால் வந்ததாகச் சொல்கிறார். அதே ராத்திரி, அதே விழிப்பு, உள்ளே நடப்பது மட்டும் வேறு.

சின்ன அளவில் இதை நானும் பார்த்திருக்கிறேன். வீடு கட்டும்போது சென்ட்ரிங் அடிச்சாச்சு, கம்பி கட்டியாச்சு, தளம் போட நாளும் பார்த்தாச்சு. வங்கியிலிருந்து அடுத்த தவணை வரவில்லை. ஆறு வாரம் இழுத்தது. சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. முதல் வாரம் முழுக்கப் போன் பண்ணுவதிலும் புலம்புவதிலும் போனது. இரண்டாவது வாரம் மேஸ்திரிதான் கேட்டார்: "தளம் நிக்குது சரி சார், சம்ப் தோண்டறதுக்கு என்ன தடை?" சம்ப் தோண்டினோம். கரண்ட் கனெக்‌ஷனுக்கு மனு கொடுத்தோம். தவணை அதுக்கான நேரத்தில்தான் வந்தது, நான் கவலைப்பட்டதால் ஒரு நாள்கூட முன்னால் வரவில்லை. ஆனால் அந்த ஆறு வாரம் வீணாகவும் இல்லை. பூசலார் கதையில் கிணறு வெட்டும் இடம் வரும்போதெல்லாம் எனக்கு மேஸ்திரி ஞாபகம்தான் வரும்.

திருக்குறளின் அமைப்பிலும் இந்த இரண்டு பக்கமும் உண்டு. ஊழுக்கு ஒரு அதிகாரம் (38), முயற்சிக்கு ஆள்வினையுடைமை (62), அதற்கு அடுத்ததாகவே துன்பத்தில் துவளாமல் இருக்க இடுக்கணழியாமை (63). விதி இல்லை என்று வள்ளுவர் சொல்லவில்லை. அதைச் சாக்காக வைத்துக்கொள்ளவும் விடவில்லை.

யாரிடம் 'காத்திரு' என்று சொல்லலாம்?

எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

இரண்டு பேர் ஒரே தேதியைக் குறித்தார்கள். ஒருவரைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். கதை யாரைக் காத்திருக்கச் சொன்னது? கையில் ஒன்றுமில்லாதவரை அல்ல. படையும் பணமும் அதிகாரமும் உள்ளவனை.

நடைமுறையில் நாம் செய்வது நேர் எதிர். 'கடவுள் விட்ட வழி, நேரம் வரும்போது நடக்கும்' என்பதை நாம் யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்க. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாக வருஷக்கணக்கில் இருந்து, நிரந்தரம் ஆகுமா ஆகாதா என்று தெரியாமல் இருப்பவரிடம் சொல்கிறோம். சம்பளம் ரெண்டு மாசம் நிலுவையில் இருப்பவரிடம் சொல்கிறோம். முதியோர் பென்ஷன் மனு கொடுத்துவிட்டு அலைகிற பாட்டியிடம் சொல்கிறோம். அந்தத் தாமதங்களில் பல, கடவுள் குறித்த தேதியால் வந்தவை அல்ல. யாரோ ஒருவர் மேஜையில் ஒரு காகிதம் கிடப்பதால் வந்தவை. அங்கே 'கடவுளின் நேரம்' என்று சொன்னால், மேஜைக்காரருடைய பொறுப்பைக் கடவுள் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஆகவே ஒரு தாமதம் வரும்போது முதலில் பிரித்துப் பார்ப்பது நல்லது. மழை பெய்து கான்க்ரீட் தள்ளிப்போனால் அது நம் கையில் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எத்தனையோ கல்யாணங்கள் தள்ளிப்போயின, அது யார் கையிலும் இல்லை. அங்கே பொறுமை சரியான பதில். ஆனால் கேட்டால் நடக்கக்கூடியது, மனு போட்டால் நகரக்கூடியது, டாக்டரிடம் இன்றே காட்ட வேண்டிய நெஞ்சுவலி, இவற்றில் காத்திருப்பதை நம்பிக்கை என்று சொல்ல முடியாது. இருதயாலீஸ்வரரிடம் வேண்டிக்கொள்ள வருகிறவர்களும் மாத்திரையை நிறுத்திவிட்டு வருவதில்லை.

பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. காத்திரு என்று சொல்கிறவருக்கு அந்தக் காத்திருப்பில் செலவு உண்டா? காஞ்சி மன்னன் கதையில் செலவு அவனுக்கு. அவன் மறுக்கவில்லை. தேதியை விட்டுக்கொடுத்துவிட்டு, தானே நடந்துபோய் ஏழையின் வீட்டு வாசலில் விழுந்து வணங்கினான். கடவுளின் நேரத்தை நம்புவது என்றால் இப்படியும் ஒன்று இருக்கிறது: எனக்குப் பதில் இன்னொருத்தர் முன்னால் போகட்டும் என்று ஒப்புக்கொள்வது. இன்னொருத்தருக்கு வேலை உயர்வு வந்து நமக்கு வராமல் போகும் வருஷங்களில் இந்தப் பாதி ரொம்பக் கடினமானது.

அதே ஊரில் இன்னொரு தாமதம்

திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று அழகான பெயர். திருமகள் வந்து நின்றதால் 'திரு நின்ற ஊர்' என்பது தலபுராணம்.

இங்கே சொல்லும் கதையும் தாமதக் கதைதான். திருமங்கையாழ்வார் இந்த ஊர் வழியே போனபோது பாடாமல் கடந்துவிட்டாராம். தாயார் பெருமாளை அனுப்பிப் பாசுரம் வாங்கி வரச் சொன்னாராம். பெருமாள் பின்தொடர்ந்து போவதற்குள் ஆழ்வார் கடல்மல்லைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கிருந்தே நின்றவூர்ப் பெருமாளை நினைத்துப் பாடினார். ஒன்று போதாது என்று தாயார் மறுபடி அனுப்ப, அடுத்தது திருக்கண்ணமங்கையில் இருந்து வந்ததாம். ஊரில் நின்று பாட வேண்டிய பாட்டு வெளியூர்ப் பதிகங்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கேட்டது கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை, ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை. மறுபடி அனுப்பினார்கள் என்பது எனக்குப் பிடித்த இடம். தெய்வமே ரிமைண்டர் போடுகிறது என்றால் நாம் போடுவதில் தப்பில்லை.

ஒரே ஊரில், சைவத்தில் ஒன்று, வைணவத்தில் ஒன்று என்று இரண்டு தாமதக் கதைகள். இரண்டிலும் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

ஐப்பசி அனுஷத்தில் பூசலார் குருபூசை வரும். அப்போது திருநின்றவூர் போக முடிந்தால் இருதயாலீஸ்வரரைப் பார்த்துவிட்டு வாங்க. அப்படியே ஒரு நாள் காஞ்சி கைலாசநாதருக்கும் போய், விமானத்தைச் சுற்றி நடந்து அந்தக் கல்வெட்டு வரியைத் தேடிப் பாருங்க. இரண்டையும் பார்த்தால்தான் கதை முழுசாகும். ஒன்று கட்டி முடித்தும் ஒரு நாள் காத்திருந்த கோயில். இன்னொன்று கட்டப்படாமலே முதலில் திறந்த கோயில்.